இருவராகப் பிராக் நகரைப் பார்க்க: ஒரு முழுமையான வழிகாட்டி

பிராக் நகரில் எதைப் பார்க்கிறோம் என்பதைவிட எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. காலை ஆறரை மணிக்குச் சார்லஸ் பாலத்தில் நிற்பவர்கள் சிலைகளின் முகங்களைப் பார்க்கிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் நிற்பவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்க்கிறார்கள்.

நேரத்துக்கு அடுத்தது மேடு பள்ளம். வல்டாவா ஆற்றின் ஒரு கரையில் பழைய நகரம் சமதளத்தில் பரவியிருக்கிறது. மறுகரையில் கோட்டை குன்றின் மேல் நிற்கிறது. கருங்கல் பாவிய தெருக்களில் ஏறி இறங்கி முழங்கால் நோகத் தொடங்கினால் கணவன் மனைவிக்குள் முதலில் குறைவது பேச்சு. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கில் அமைந்திருக்கிறது: ஏறுவதற்கு டிராம், இறங்குவதற்கு நடை, கூட்டம் சேரும் இடங்களுக்கு விடியற்காலை, நடுப்பகலுக்குக் கூரையுள்ள இடங்கள். இதற்கு நான்கு இரவுகள் போதும். மூன்றென்றால் அவசரம். இரண்டே இரவு என்பவர்களிடம், வேறொரு வருடம் போகலாமே என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பல தலைநகரங்கள் தரைமட்டமானபோது பிராக் பெரும்பாலும் தப்பியது. பத்தாம் நூற்றாண்டுத் தேவாலயச் சுவர் முதல் 1990-களின் கட்டடக்கலை வரை நடந்தே பார்க்கக்கூடிய தூரத்துக்குள் அடுத்தடுத்து நிற்பது அதனால்தான். பழைய நகர மையத்தை யுனெஸ்கோ 1992-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

படி 1: புறப்படும் முன்

செக் குடியரசு ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது; ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு அது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டில் குறுகிய கால விசா வேண்டியதில்லை. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலப் பயணம் என்றால் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளுக்குச் சேர்த்துப் போவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழ்த் தம்பதிகளுக்கென்று ஒரு குறிப்பு. நம்மில் பலருக்குக் கணவன் மனைவி இருவரின் பாஸ்போர்ட்டிலும் பொதுவான பெயர் ஒன்றும் இருக்காது. அவரவர் தந்தை பெயர்தான் குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். ஆகவே பதிவுத் திருமணச் சான்றிதழின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். ஒரு நகலைக் கைப்பையிலும் வைத்திருங்கள்.

மே மாதமும் செப்டம்பரும் சிறந்தவை. ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், கூட்டமும் இருக்கும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகு. ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ நாணயம் இல்லை; கொருனாதான். சில கடைகள் யூரோ வாங்கிக்கொள்ளும், ஆனால் விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அட்டை ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது 'உங்கள் நாட்டு நாணயத்தில் மாற்றித் தரட்டுமா' என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பழைய நகரத்தின் நாணய மாற்றுக் கடைகளில் சில மிக மோசமான விகிதம் தருகின்றன. அப்படி மாட்டிக்கொண்டாலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மாற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் திரும்பிச் சென்று பரிவர்த்தனையை ரத்து செய்யும் உரிமையை 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தருகிறது. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 2: தங்குமிடமும் டிராமும்

பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டித் தங்காதீர்கள். இரவு முழுவதும் சத்தம், வாடகை அதிகம், சாப்பாடு மட்டம். என் தேர்வு வினோஹ்ரடி. நகர மக்கள் வசிக்கும் பகுதி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அடுக்குமாடி வீடுகள், மர நிழல், நல்ல ரொட்டிக் கடைகள். நாமியெஸ்தி மீரு என்ற மெட்ரோ நிலையத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடைக்குள் அறை பாருங்கள். அந்த நிலையம் தரைக்கு ஐம்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது; அதன் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். அதில் ஏறி மேலே வருவதே ஓர் அனுபவம். அதைவிட முக்கியம், 22-ஆம் எண் டிராம் அந்த வாசலிலேயே நிற்கிறது. உங்கள் பயணத்துக்கு அந்த ஒரு டிராம் பாதி வேலையைச் செய்துவிடும்.

விமான நிலையத்திலிருந்து 59-ஆம் எண் டிராலிபஸ் வெலெஸ்லவீன் மெட்ரோ நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து பச்சை வழித்தடத்தில் மாறாமல் நாமியெஸ்தி மீரு வந்துவிடலாம். 24 மணி நேர, 72 மணி நேர டிக்கெட்டுகள் பஸ், டிராம், மெட்ரோ மூன்றுக்கும் செல்லும். காகித டிக்கெட்டை முதல் முறை ஏறும்போது மஞ்சள் இயந்திரத்தில் செருகி நேரம் பதிய வேண்டும். பதியாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். அபராதத்துக்கு முன் எந்த விளக்கமும் எடுபடாது. நெரிசலான டிராமில், குறிப்பாக 22-இல், பணப்பையை முன்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்த நாளில் எந்த வரலாற்றுச் சின்னமும் வேண்டாம். குளித்துவிட்டு மாலையில் வினோஹ்ரடியின் ரீகர் பூங்காவுக்குப் போங்கள். மேற்குச் சரிவில் புல்தரையில் உட்கார்ந்தால் தூரத்தில் கோட்டையின் நிழலுருவத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். மறுநாள் எங்கே போகப் போகிறோம் என்பது முழுவதும் அங்கேயே கண்ணில் படும்.

படி 3: முதல் நாள், மேலிருந்து கீழே

எல்லோரும் பாலத்திலிருந்து கோட்டைக்கு மூச்சு வாங்க ஏறுகிறார்கள். நீங்கள் 22-ஆம் எண் டிராமில் கோட்டை நிறுத்தத்தையும் தாண்டி, போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய்விடுங்கள். இறங்கிய இடத்துக்கு அருகில் இரண்டு பெரிய வானியலாளர்கள் சிலையாக நிற்கிறார்கள்: டைக்கோ பிராஹே, யோகன்னஸ் கெப்ளர். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவைக்கு வந்த டைக்கோ 1601-இல் இந்த ஊரிலேயே இறந்தார். அவர் சேர்த்துவைத்த செவ்வாய்க் கோளின் அளவீடுகளை வைத்துத்தான் கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கெப்ளர் கண்டார். அதை 1609-இல் நூலாக வெளியிட்டார். டைக்கோவின் கல்லறையை மறுநாள் பார்க்கப் போகிறோம் என்பதால் இந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ஸ்ட்ராஹோவ் மடாலயம் சில நிமிட நடை. அதன் நூலகத்தின் இரண்டு மண்டபங்களை வாசலில் நின்றுதான் பார்க்க முடியும். பதினேழாம் நூற்றாண்டு இறையியல் மண்டபத்தின் பூவேலைக் கூரையும், பதினெட்டாம் நூற்றாண்டு தத்துவ மண்டபத்தின் உயர்ந்த வால்நட் மர அலமாரிகளும் புத்தகப் பிரியர்களை அசையவிடாது. இருவரில் ஒருவருக்கு மட்டும் புத்தக ஆர்வம் என்றால் மற்றவர் வெளியே மதிலருகில் நின்று நகரத்தைப் பார்க்கலாம். சிவப்பு ஓட்டுக் கூரைகளின் மிக அகன்ற காட்சி அந்த இடத்தில்தான் கிடைக்கிறது. கீழே இறங்கும் வழியில் லொரேட்டோ தேவாலயம். மணிக்கொரு முறை அதன் கோபுரத்தின் 27 மணிகள் ஒரு மரியன்னைப் பாடலை இசைக்கும்.

கோட்டைக்குள் நுழைவது இலவசம். பாதுகாப்புச் சோதனை உண்டு. உள்ளே இருக்கும் கட்டடங்களுக்குத்தான் டிக்கெட், அது இரண்டு நாள் செல்லும். கட்டடங்கள் ஒன்பது மணிக்குத் திறக்கின்றன. ஆகையால் ஸ்ட்ராஹோவைப் பிற்பகலுக்கு ஒதுக்கிவிட்டு நேரே கோட்டைக்குப் போய் ஒன்பதுக்கு வாசலில் நிற்கலாமா என்று கேட்டால், நிற்கலாம். கோடையில் நான் அதைத்தான் சொல்வேன். ஞாயிறன்று பேராலயம் நண்பகலில்தான் பார்வையாளர்களுக்குத் திறக்கும். அன்று ஸ்ட்ராஹோவ் முதலில் வருவதே சரி.

ஏறக்குறைய 70,000 சதுர மீட்டர் பரப்பில் இருக்கும் இந்த வளாகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். மூன்று இடங்களில் நின்று பாருங்கள்.

முதலாவது, புனித வீட்டஸ் பேராலயம். 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்த கட்டடம். பிரான்ஸிலிருந்து வந்த அராஸ் மத்தியாஸ் தொடங்கினார். அவர் இறந்த பிறகு, இருபதுகளில் இருந்த பீட்டர் பார்லர் பொறுப்பேற்றார். பதினைந்தாம் நூற்றாண்டு மதப் போர்களான ஹுஸ்ஸைட் போர்களில் வேலை நின்றுபோய், நூற்றாண்டுகளுக்குப் பாதிக் கட்டடமாகவே நின்றது. நீங்கள் நுழையும் மேற்கு வாசல் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. நடந்து பீடத்தை நெருங்க நெருங்கப் பதினான்காம் நூற்றாண்டுக்குள் போகிறீர்கள். இந்த ஒரு தகவல் தெரிந்து நடந்தால் கட்டடமே வேறாகத் தெரியும். இடப்புறம் மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம். காலை வெளிச்சத்தைவிடப் பிற்பகல் வெளிச்சம் அதற்கு நல்லது என்பது என் கருத்து. வலப்புறம் புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயம். சுவர் முழுக்க ஜாஸ்பர், செவ்வந்திக் கற்கள் பதித்திருக்கிறார்கள். பொஹீமியாவின், அதாவது பழைய செக் அரசின், முடியாபரணங்கள் அதற்கு மேலுள்ள அறையில், ஏழு பூட்டுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. ஏழு சாவிகளும் குடியரசுத் தலைவர் உட்பட ஏழு பேரிடம் பிரிந்திருக்கின்றன.

இரண்டாவது, பழைய அரண்மனையின் விளாடிஸ்லாவ் மண்டபம். நடுவில் ஒரு தூணும் இல்லாமல் கல் விலா எலும்புகள் கூரையில் பின்னிப் படர்ந்திருக்கும் பிரம்மாண்டம். வீரர்கள் குதிரை மீதேறியே உள்ளே வந்து ஈட்டிப் போட்டி நடத்துவார்களாம். அவர்களுக்காகவே அமைத்த அகன்ற, தாழ்வான படிகள் இன்னும் இருக்கின்றன. இன்றும் குடியரசுத் தலைவர் பதவியேற்பது இந்த மண்டபத்தில்தான். பக்கத்து அறையின் சாளரத்தில்தான் 1618 மே 23 அன்று புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பேரரசரின் இரண்டு ஆளுநர்களையும் ஒரு செயலரையும் வெளியே தூக்கி எறிந்தார்கள். மூவரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அந்தச் சாளரத்தில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் மத்திய ஐரோப்பாவைச் சூறையாடியது. சாளரத்தருகே இருவரும் நின்று கீழே பாருங்கள். உயரம் உங்களைப் பேச வைக்கும்.

மூன்றாவது, பொன் சந்து. கோட்டை மதிலோடு ஒட்டிய சின்னஞ்சிறு வீடுகள். 22-ஆம் எண் வீட்டை எழுத்தாளர் காஃப்காவின் தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்திருந்தார். 1916-17 குளிர்காலத்தில் காஃப்கா மாலைகளில் இங்கே வந்து எழுதினார். இப்போது அது புத்தகக் கடை. உள்ளே இருவர் நின்றாலே இடம் நிறைந்துவிடுகிறது.

கோட்டையிலிருந்து இறங்க நெருதோவா தெருவைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு எண் வருவதற்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னம் இருந்தது. மூன்று வயலின்கள், பொற்சாவி, சிவப்பு ஆட்டுக்குட்டி எல்லாம் வாசலுக்கு மேலே இன்னும் இருக்கின்றன. 'இரண்டு சூரியன்கள்' வீட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் யான் நெருதா வாழ்ந்தார்; சிலியின் கவிஞர் பாப்லோ நெருதா தன் புனைபெயரை இவரிடமிருந்து எடுத்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். தெருவின் அடியில் புனித நிக்கலஸ் தேவாலயம். பச்சைக் குவிமாடத்துக்குக் கீழே 1787-இல் மொஸார்ட் வாசித்த ஆர்கன் இருக்கிறது.

மாலையில் காம்பா தீவின் ஆற்றங்கரையில் உட்காருங்கள். அன்றைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

படி 4: இரண்டாம் நாள், விடியலில் பாலம்

இந்த ஒரு காலைக்கு அலாரம் வைத்தே ஆக வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு பாலத்தின் பழைய நகரப் பக்கக் கோபுரத்தடியில் இருங்கள்.

முன்பிருந்த யூடித் பாலத்தை 1342 வெள்ளம் அடித்துச் சென்றது. 1357-இல் பொஹீமிய அரசர் நான்காம் சார்லஸ் புதிய பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். ஜூலை 9, அதிகாலை 5:31 என்று நேரம் குறித்ததாக ஒரு நம்பிக்கை உண்டு. வருடம், நாள், மாதம், மணி, நிமிடம் ஆகியவற்றை வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1 என்று ஏறி இறங்கும். பாலத்தின் நீளம் சுமார் 516 மீட்டர், 16 வளைவுகள், முப்பது சிலைத் தொகுதிகள். பெரும்பாலான சிலைகள் இன்று நகல்கள். மூலச் சிலைகளில் சில விஷெஹ்ராட் கோட்டையின் நிலவறை மண்டபத்தில் இருக்கின்றன. நெபோமுக் யோவான் சிலை 1683-இல் வைத்தது. நான்காம் வென்செஸ்லாஸ் அரசன் ஆணையால் 1393-இல் ஆற்றில் எறியப்பட்ட பாதிரியார் அவர். அரசியின் பாவமன்னிப்பு ரகசியத்தை அரசனிடம் சொல்ல மறுத்ததால் என்பது பிற்காலக் கதை. பேராயருக்கும் அரசனுக்கும் நடந்த அதிகாரச் சண்டைதான் காரணம் என்பது வரலாற்றாசிரியர்களின் பார்வை. சிலையின் அடியில் இருக்கும் வெண்கலத் தகட்டில் தொட்டுத் தொட்டுப் பளபளக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள்.

எட்டு மணிக்கெல்லாம் கூட்டம் வரத் தொடங்கும். நீங்கள் அப்போது காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்துகொண்டிருக்க வேண்டும்.

வானியல் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் அதைப் பொம்மைகளுக்காக மட்டும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு போகிறார்கள். 1410-இல் கடிகாரக் கைவினைஞர் மிக்குலாஷும் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் வானியல் அறிஞர் யான் ஷிண்டெலும் சேர்ந்து உருவாக்கியது. கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்றும் அவருடைய கண்களைக் குருடாக்கினார்கள் என்றும் வழிகாட்டிகள் சொல்லும் கதையில் உண்மை இல்லை. ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்க, மேலே பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் சாளரத்தில் வந்து போவார்கள். முடிவில் சேவல் கூவும். அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கடிகாரத்தின் உண்மையான அற்புதம் பின்னர் கூட்டம் கலைந்ததும் தெரியும்.

நீலமும் செம்பழுப்புமான முகப்பில் நடுவில் இருப்பது பூமி. சூரியனும் நிலவும் தனித்தனி முட்களில் அதைச் சுற்றுகின்றன. நிலவுக் கோளம் பாதி கறுப்பு, பாதி வெள்ளி. தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு வளர்பிறை தேய்பிறையைக் காட்டுகிறது. ரோமன் எண்கள் நாம் அறிந்த மணியைச் சொல்லும். வெளிவட்டத்தின் பொன்னிற எண்கள் பழைய பொஹீமிய நேரம். நம் நாழிகைக் கணக்கு சூரிய உதயத்தில் தொடங்குவது போல அந்தக் கணக்கு அஸ்தமனத்தில் தொடங்கி 24 வரை போகும். அஸ்தமன நேரம் நாளுக்கு நாள் நகர்வதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இன்று சூரியன் மறைந்து எத்தனை மணி ஆகிறது என்று இருவரும் தனித்தனியே படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். நானும் என் கணவரும் அங்கே நின்ற நேரத்தில் எங்களுக்குள் நடந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

சதுக்கத்தில் தரையையும் பாருங்கள். நகர மண்டபத்தின் அருகே கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள். 1621 ஜூன் 21 அன்று கிளர்ச்சியில் சேர்ந்த 27 தலைவர்களுக்கு இங்கே மரண தண்டனை நிறைவேற்றினார்கள். நேற்று பார்த்த சாளரத்தில் தொடங்கிய கிளர்ச்சி இங்கே வந்து முடிந்தது. எதிரே டீன் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். உள்ளே, பீடத்துக்கு அருகில், நேற்று சிலையாகப் பார்த்த டைக்கோவின் கல்லறை.

நடுப்பகலில் யூதப் பகுதியான யோசெஃபோவுக்குள் போய்விடுங்கள். சனிக்கிழமையில் மூடியிருக்கும், ஆகவே பயண நாட்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சுமார் 1270-இல் கட்டிய பழைய-புதிய ஜெபக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆண்கள் தலையை மூட வேண்டும். பழைய கல்லறைத் தோட்டத்தில் 1439 முதல் 1787 வரை அடக்கம் நடந்தது. வேறு நிலம் கிடைக்காததால் மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன.

பின்காஸ் ஜெபக்கூடத்தை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் சுமார் 78,000 பேரின் பெயர்கள் சுவரெங்கும் கையால் எழுதியிருக்கின்றன. மாடியில் டெரெசின் வதைமுகாமின் குழந்தைகள் வரைந்த படங்கள். ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் முகாமிலேயே அவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். 1944-இல் அவரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றியபோது, அந்தப் படங்களை இரண்டு பெட்டிகளில் மறைத்துவைத்துவிட்டுப் போனார். ஏறக்குறைய 4,500 படங்கள் பிழைத்தன, அவர் பிழைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிகளும் வீடுகளும் வரைந்த பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி கீழே இருக்கும். இருவரும் தனித்தனியே பார்த்துவிட்டு வெளியே சந்தியுங்கள். அங்கே ஒருவருக்காக மற்றவர் நடையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

வெளியே வந்து ஆற்றை நோக்கி நடந்தால் சில நிமிடத்தில் யான் பலாக் சதுக்கம். சுற்றுலாக் கூட்டம் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் தமிழ் வாசகர்கள் இங்கே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் புலக் கட்டடம். 1348-இல் நான்காம் சார்லஸ் நிறுவிய பல்கலைக்கழகம் இது. இங்கே பயின்று பின்னர் தமிழ் கற்பித்தவர் கமில் சுவெலபில். 1927-இல் இதே நகரில் பிறந்த அவர், சங்க இலக்கியம் முதல் சித்தர் பாடல் வரை எழுதி மேற்குலகில் தமிழ் இலக்கிய ஆய்வுக்கு அடித்தளம் அமைத்தவர்களில் முதன்மையானவர். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் நாட்டுக்குள் நுழைந்த பிறகு அவர் வெளியேறினார். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் பேராசிரியராக இருந்தார். அதே படையெடுப்புக்குப் பிறகு மக்கள் மனம் சோர்ந்துபோவதைப் பொறுக்காமல் 1969 ஜனவரி 16 அன்று தீக்குளித்த மாணவர் யான் பலாக்கும் இந்தப் புலத்தில் படித்தவர்தான். கட்டடத்தின் மூலையில் அவருடைய மரண முகமூடி பதித்த நினைவுத் தகடு இருக்கிறது.

எதிரே ருடால்ஃபினம் இசை அரங்கம். செக் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் முதல் கச்சேரியை 1896 ஜனவரி 4 அன்று இங்கே செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் நடத்தினார். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட்டை அரங்கின் சாளரத்திலேயே வாங்குங்கள். தெருவில் பழங்கால உடையணிந்து துண்டுச் சீட்டு நீட்டுபவர்களிடம் வேண்டாம்.

படி 5: மூன்றாம் நாள், பிரிந்தும் சேர்ந்தும்

மூன்றாம் நாள் காலையில் சில மணி நேரம் இருவரும் தனித்தனியே சுற்றுங்கள். தம்பதிகளுக்கு நான் தரும் மிக முக்கியமான யோசனை இதுதான். ஒருவருக்குத் தேசிய அருங்காட்சியகம் பிடிக்கும், மற்றவருக்குக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு தெருவில் அலையப் பிடிக்கும். கட்டடம் விரும்புகிறவர் 1912-இல் யோசெஃப் கோச்சார் கட்டிய, கோண வடிவங்கள் மிகுந்த கியூபிஸ்ட் பாணி 'கருப்பு மடோனா' வீட்டையும், அதே ஆண்டு முடிந்த நகராட்சி மாளிகையையும், ஆற்றங்கரையில் 1996-இல் ஃபிராங்க் கேரியும் விளாடோ மிலுனிச்சும் கட்டிய நடனமாடும் வீட்டையும் பார்க்கலாம். இடுப்பு வளைந்த கண்ணாடிக் கோபுரம் பெண், நிமிர்ந்து நிற்கும் கற்கோபுரம் ஆண். 1945 பிப்ரவரியில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டில் அழிந்து காலியாகக் கிடந்த மனையில் எழுந்த கட்டடம் அது.

மீண்டும் சந்திக்க வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் மேல் முனையிலுள்ள குதிரைச் சிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நகரவாசிகளும் 'குதிரையடியில் பார்க்கலாம்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். 1989 நவம்பரில் இந்தச் சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் கூடி, சாவிக்கொத்துகளைக் குலுக்கிக் கம்யூனிஸ ஆட்சிக்கு விடை கொடுத்தார்கள். அருங்காட்சியகத்தின் முன் தரையில் உருகி வழிவது போன்ற ஒரு வெண்கலச் சிலுவை இருக்கும். பலாக்கும், அவருக்கு அடுத்த மாதம் தீக்குளித்த யான் சாயிட்சும் அங்கே நினைவுகொள்ளப்படுகிறார்கள்.

பிற்பகலில் சிவப்பு மெட்ரோவில் விஷெஹ்ராட். கூட்டமில்லாத இன்னொரு கோட்டைக் குன்று. இளவரசி லிபுஷே இங்கே நின்று, 'புகழ் விண்மீன்களைத் தொடும் ஒரு நகரத்தைக் காண்கிறேன்' என்று ஆரூடம் சொன்னாள் என்பது செக் மக்களின் தொன்மம். பெண் ஆள்வதை ஏற்காத ஆண்கள் அவளைத் திருமணம் செய்யச் சொன்னபோது, அவள் தேர்ந்தெடுத்தது ஏர் உழுதுகொண்டிருந்த பிரெமிசிலை. நான்கு நூற்றாண்டு ஆண்ட அரச வம்சம் அவன் பெயரால்தான் வந்தது. அந்த இருவரும் சேர்ந்து நிற்கும், சிற்பி மிஸ்ல்பெக் செய்த சிலை தேவாலயத்துக்கு அருகிலுள்ள தோட்டத்தில் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் ட்வோர்ஷாக், இன்னொரு இசையமைப்பாளர் ஸ்மெட்டனா, மூகா, 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த காரெல் சாபெக் ஆகியோரைத் தேடுவதற்கு வாசலில் வரைபடம் உண்டு. மதில் மேல் நடந்தால் ஆறு முழு வளைவாகத் தெரியும்.

படி 6: சாப்பாடு

செக் உணவு மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மாவுருண்டைகளும் சேர்ந்தது. குலாஷ் என்ற குழம்பு பெரும்பாலும் மாட்டிறைச்சி என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். சைவர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டி, பிரம்போராக் என்ற உருளைக்கிழங்கு அடை, பழம் வைத்த இனிப்பு உருண்டை கிடைக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் காளானும் சோயிக்கீரையும் போட்ட குலைதா சூப்பைத் தவறவிடாதீர்கள். அதில் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எடை போட்டு விற்கும் இந்திய சைவ உணவகங்களும் நகரில் உண்டு.

வாரநாட்களில் மதிய உணவுப் பட்டியலைக் கேளுங்கள்; அலுவலகம் போகிறவர்கள் சாப்பிடும் அந்தச் சாப்பாடு சுவையாகவும் விலை குறைவாகவும் இருக்கும். மேசையில் தானாக வரும் ரொட்டிக்கும் காசு உண்டு. மூலைக்கு மூலை 'பழமையான செக் இனிப்பு' என்று விற்கும் த்ரட்டெல்னிக் சுற்றுலாவோடு பரவியது. சாப்பிடலாம், மரபு என்று நம்ப வேண்டாம்.

படி 7: நான்காம் நாள்

இரண்டு வழிகள். வரலாற்றுப் பசி தீராதவர்கள் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள குட்னா ஹோராவுக்குப் போகலாம். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர். சுரங்கத் தொழிலாளர்கள் எழுப்பிய புனித பார்பரா தேவாலயம் 1388-இல் தொடங்கியது. செட்லெட்ஸ் எலும்பு ஆலயத்தில் ஏறக்குறைய 40,000 பேரின் எலும்புகள் இருக்கின்றன. அங்கே அனுமதியின்றிப் படமெடுக்கத் தடை, மதித்து நடந்துகொள்ளுங்கள்.

கால் களைத்தவர்கள் பெட்ர்ஷின் குன்றின் பழத்தோட்டங்களில் அந்த நாளைக் கழிக்கலாம். 22-இல் போஹோர்ஷெலெட்ஸ் வரை போய், ஸ்ட்ராஹோவ் வழியாக நடந்தால் ஏற்றம் அதிகமில்லை. உச்சியில் 1891-இல் கட்டிய 63.5 மீட்டர் உயரப் பார்வைக் கோபுரம், 299 படிகள். கீழே இறங்கும் வழியில் கவிஞர் காரெல் ஹினெக் மாகாவின் சிலையைப் பாருங்கள். 1836-இல் வெளியான அவருடைய 'மே' என்ற நெடுங்கவிதையை நினைத்து, மே முதல் நாளன்று காதலர்களும் முதிய தம்பதிகளும் இங்கே பூ வைத்துவிட்டுப் பூத்த மரத்தடியில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அப்படி முத்தம் பெற்ற பெண் அந்த ஆண்டு முழுவதும் வாடமாட்டாள் என்பது நம்பிக்கை. பயணத் தேதியை மாற்ற முடியுமானால் மே ஒன்றாம் தேதி நகரில் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். செர்ரி மரங்கள் அதற்கு முன்பே உதிர்ந்திருந்தாலும் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும்.

ஊர் திரும்பும் நாளில் நாமியெஸ்தி மீருவிலிருந்து விமான நிலையம் வரை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 72 மணி நேர டிக்கெட்டின் நேரம் முடிந்துவிட்டதா என்று மெட்ரோவில் இறங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிக்குத் தனி டிக்கெட் தேவைப்படுமா என்பதையும் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் சரிபாருங்கள். மிச்சமிருக்கும் கொருனாவை அங்கேயே செலவழித்துவிடுங்கள். ஊரில் அதை மாற்றுவது எளிதல்ல.